ராவேக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு

வேளாண்மைப் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் ஊருக்குள் வந்து பழகும் அந்த ஊரக வேளாண் பணி அனுபவத்தை ‘ராவே’ என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். நான் டெல்டாவில் வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வருஷா வருஷம் என் திண்ணைக்கு ஒரு கூட்டம் வரும். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

1. முதலில் ஊர்க்கணக்கைப் படியுங்கள். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று ஆரம்பித்தால் ஆள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். இங்கே நிலம் மாவில். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். விளைச்சல் மூட்டையில். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ, வியாபாரி மூட்டை வேறு. எந்த மூட்டை என்று கேட்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள்.

2. பொழுது ஏறுமுன் வயலுக்குப் போய்விடுங்கள். பதினோரு மணிக்குப் போனால் வரப்பும் கொக்கும்தான் இருக்கும்.

3. குனிந்து பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சம்பாவில் ஒரு பெரியவர் தன் வயலுக்குக் கூட்டிப்போனார். நடுவயலில் வட்டமாக மஞ்சளடித்துக் கிடந்தது. வரப்பில் நின்றபடியே, “தழைச்சத்துப் பத்தலை ஐயா, யூரியா போடுங்க” என்றேன். பெரியவர் பேசவில்லை. பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த அவர் வீட்டம்மா அரிவாளை வைத்துவிட்டு இறங்கி, ஒரு குத்தை இரண்டு கையாலும் விலக்கினார். “இதையும் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி.” தண்ணீருக்குச் சற்று மேலே, தூரைச் சுற்றிப் பழுப்பாக அப்பியிருந்தது புகையான். என் யூரியா அதற்கு விருந்தாகியிருக்கும். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவை எட்டினால்தான் மருந்து, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம், முதல் வேலை தண்ணீரை வடிப்பது. இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

4. ஊர் வரைபடம் போடும்போது கோலப்பொடி உங்கள் கையில் இருக்கக் கூடாது. நீங்கள் போட்டால் போட்டோவுக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஆண்கள் போட்டால் ஆறு, மதகு, டீக்கடை வரும். பெண்களிடம் தனியாகக் கொடுத்துப் பாருங்கள்: தண்ணீர் வராத குழாய், ரேஷன் கடை, விளக்கில்லாத சந்து என்று வேறொரு ஊரே வரும். கோயில் வாசலில் மட்டும் கூட்டம் போட்டால் காலனித் தெருவிலிருந்து வருகிறவர்கள் ஓரமாகத்தான் நிற்பார்கள். சொந்தமாக ஒரு குழி நிலமில்லாமல் நடவும் அறுப்பும் பார்க்கிறவர்கள் அவர்கள். அவர்கள் தெருவுக்கும் நீங்களே போங்கள்.

5. அறுவடைப் பரிசோதனையில் நெல்லுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். சமவாய்ப்பு எண் அட்டவணை எந்த இடத்தைச் சொல்கிறதோ அங்கேதான் முளை அடிக்க வேண்டும். காப்பீட்டுக்கு என்றால் சவலைப் பயிர் நிற்கும் மூலையைக் காட்டுவார்கள், விளைச்சல் போட்டி என்றால் வாய்க்கால் தலைமாட்டைக் காட்டுவார்கள். மோர் கொடுப்பார்கள், குடியுங்கள். முளையை மட்டும் நகர்த்தாதீர்கள்.

6. பதிவேட்டை அன்றன்றைக்கு எழுதுங்கள். கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதிய நோட்டு எனக்குப் பார்த்தவுடன் தெரியும்: எல்லா நாளும் ஒரே மை, எந்த நாளும் மழை இல்லை.

7. மண் மாதிரி எடுக்கையில் வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் மூன்றையும் விடுங்கள். நெல் வயலில் ‘வி’ வடிவக் குழி, 15 சென்டிமீட்டர் ஆழம். பல இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்துக் கழித்து அரைக்கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, அந்த மண் பரிசோதனை முடிவு வரும்போது நீங்கள் கல்லூரிக்குத் திரும்பியிருப்பீர்கள் என்பது. “போன வருஷம் ஒரு பொண்ணு மண்ணு அள்ளிட்டுப் போச்சு, என்னாச்சுன்னே தெரியலை” என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, முடிவுத் தாளை அந்த விவசாயி கையில் கொடுத்து, அமில கார நிலையில் தொடங்கி வரிவரியாகப் படித்துக் காட்டிவிட்டுப் போங்கள்.