இரண்டு கருவியிலும் அஞ்சல் மறைந்தது ஏன்?

கேள்வி: என் ஜிமெயில் போனிலும் இருக்கிறது, லேப்டாப்பிலும் இருக்கிறது. போன வாரம் போனில் விளம்பர அஞ்சல்களை அழித்தபோது, வீட்டுக்கடன் பற்றி வங்கி அனுப்பிய கடிதமும் சேர்ந்து போய்விட்டது. லேப்டாப்பில் இருக்குமே என்று திறந்தால் அங்கும் இல்லை. இரண்டு இடத்தில் இருந்தது எப்படி ஒன்றாக மறையும்? இனி எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகி, தென்காசி

பதில்: முதலில் அவசர வேலை. ஜிமெயிலில் ‘பின்’ எனப்படும் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள். அழித்த அஞ்சல் 30 நாள் அங்கே கிடக்கும், அதற்குள் மீட்டுவிடலாம். அங்கும் இல்லையென்றால் வங்கிக் கிளையில் நகல் கேளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கருவி இரண்டு என்பதால் பிரதியும் இரண்டு என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அஞ்சல் இருப்பது கூகுளின் சர்வரில், அதாவது இணையத்தின் மறுமுனையிலுள்ள கணினியில். போனும் லேப்டாப்பும் ஒரே அறைக்கு வைத்த இரண்டு ஜன்னல்கள். போனில் கொஞ்சம் அஞ்சல் சேமிக்கப்பட்டிருந்தாலும், ‘சிங்க்’ எனும் ஒத்திசைவு, சர்வரில் நடந்ததை எல்லாக் கருவிகளிலும் அப்படியே செய்துவிடும். வந்த கடிதத்தைக் காட்டுவதும் அதுதான், அழித்த கடிதத்தை எடுத்துவிடுவதும் அதுதான். தவறிப்போய் அழித்தீர்களா, வேண்டுமென்றே அழித்தீர்களா என்று அதற்குத் தெரியாது.

பிரதிகளைப் பெருக்கினால் போதுமா? போதாது. 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயிலிலேயே இப்படி அஞ்சல்கள் மறைந்தன. சேமிப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் இருந்த பிழையால், சுமார் 0.02 சதவீதப் பயனர்களின் அஞ்சல்பெட்டி காலியானது. கூகுள் பல டேட்டா சென்டர்களில் பிரதிகள் வைத்திருந்தும், பிழை ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளைப் பாதித்தது. கைகொடுத்தவை காந்த நாடாக்கள். அவை இணைப்பில் இல்லாததால் பிழை அவற்றை எட்டவில்லை. நாடாக்களிலிருந்து மீட்க நேரம் பிடித்தது, ஆனால் கடிதங்கள் திரும்பின. தொடர்பில் இல்லாத பிரதியே உண்மையான காப்பு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உங்களுக்கு நாடா வேண்டாம். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் போதும். பிரதியை இறக்கிக்கொள்ள உதவும் கூகுளின் ‘டேக்அவுட்’ பக்கத்தில் எல்லாத் தேர்வுகளையும் நீக்கிவிட்டு, ஜிமெயிலை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோப்பு தயாரானதும் இறக்குவதற்கான இணைப்பு உங்கள் அஞ்சலுக்கு வரும். அந்த இணைப்பு சில நாளில் காலாவதியாகிவிடும் என்பதால் உடனே இறக்கிக்கொள்ளுங்கள். இதனால் ஜிமெயிலில் உள்ள எதுவும் அழியாது. கிடைக்கும் கோப்பு ‘எம்பாக்ஸ்’ வகை: எல்லாக் கடிதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஒரே நீளக் கோப்பு. தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளில் உரிய துணைநிரலைச் சேர்த்தால் இதைப் படிக்கலாம். டிஸ்கில் பதிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால், கணினியைத் தாக்கும் வைரஸ் அதையும் தாக்கும்.

கடன், காப்பீடு, வரி தொடர்பான கடிதங்களைத் தனியே பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். பல மாதம் தொடாத பழைய கணக்கு இருந்தால் அதையும் கவனியுங்கள். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கக்கூடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி டிஸ்கில் பிரதி எடுத்தால் போதும். ஒவ்வொரு முறையும் பதிந்த கோப்பைத் திறந்து, ஒரு பழைய கடிதத்தையாவது படித்துப் பார்த்துவிடுங்கள். திறக்காத கோப்பை நம்பி ஜிமெயிலில் எதையும் அழிக்காதீர்கள்.