மென்பொருள் வேலை நேர்காணல்: உள்ளே என்ன கேட்பார்கள்?

சென்ற மாதம் ஒரு தகப்பனார் நம் அலுவலகத்துக்கு வந்தார். நம் கல்வி உதவித்தொகையில் கணினி அறிவியல் முடித்த அவருடைய மகன் மூன்று கம்பெனிகளில் நேர்காணலுக்குப் போய், மூன்றிலும் தேர்வாகாமல் திரும்பியிருந்தார். "இங்கிலீஷ் சரியா வரல பாய், அதான். ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸுக்கு டிரஸ்ட்ல ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

தம்பியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னோம். ஐ.டி. துறையில் இருக்கும் ஒரு சகோதரரை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொன்னோம். இங்கிலீஷ் மோசமில்லை. ஆனால் கேள்வி வந்ததும் தம்பி வாயை மூடிக்கொண்டு பத்து நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விசாரித்தால், மனதுக்குள் சரியான வழிதான் ஓடியிருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

நம் வீடுகள் பலவற்றில் இந்த வேலைக்குப் போகும் முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். சொல்லித்தர முன்னே போன அண்ணனோ மாமாவோ இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பெரிய கம்பெனிகள் ஏராளமானோரை வடிகட்ட வேண்டியிருப்பதால் முதலில் ஆன்லைன் தேர்வு வைக்கின்றன. கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், ஒன்றிரண்டு கோடிங் கேள்விகள் இருக்கும். டி.சி.எஸ். நடத்தும் என்.க்யூ.டி. இந்த வகை. பல இடங்களில் 10, 12, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்பார்கள். அரியர் இருந்தால் பல இடங்களில் விண்ணப்பமே ஏறாது. ஜோஹோ போன்ற இடங்களில் நிரல் எழுதும் சுற்றுகளுக்குத்தான் எடை அதிகம். டாக்ஸி புக்கிங், ரயில் டிக்கெட் முன்பதிவு போன்ற ஒரு சிறிய அமைப்பைச் சில மணி நேரத்தில் எழுதிக் காட்டச் சொல்வது அங்கே வழக்கம்.

அடுத்தது டெக்னிக்கல் சுற்று. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். அன்று சகோதரர் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் எண்கள் இருக்கின்றன. எந்த இரண்டைக் கூட்டினால் 50 வரும்?

முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பது. இதை வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இது விடை தரும், ஆனால் மெதுவானது" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 10,000 எண்கள் இருந்தால் ஏறத்தாழ 5 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டிவரும். இரண்டாவது வழி, வரிசையை ஒரே முறை கடந்து, பார்த்த எண்களை ஒரு பேரேட்டில் குறித்துக்கொண்டே போவது. 18 வந்தால், பேரேட்டில் 32 ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 10,000 எண்களுக்கு 10,000 பார்வைதான். அந்தப் பேரேடுதான் ஹாஷ் மேப். பைத்தானில் டிக்ஷனரி என்பார்கள். நேரம் மிச்சம், நினைவகம் கூடுதலாகச் செலவாகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பிள்ளை தானாக எடுத்துச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதோடு விடமாட்டார். வரிசை காலியாக இருந்தால்? 25 ஒரே ஒரு முறை இருந்தால், அதையே இரண்டு முறை கூட்டிவிடுமா உன் நிரல்? இவற்றை அவர் கேட்கும் முன் நாமே சோதித்துக் காட்டுவது நல்லது.

டேட்டாபேஸில் பிரைமரி கீ, ஜாயின் ஆகியவற்றைக் கட்டாயம் கேட்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரெஸ்யூமில் போட்ட புராஜெக்ட். கல்லூரி வாசலில் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட், "ஏன் இந்த டேட்டாபேஸ்?" என்ற ஒரே கேள்வியில் சாயம் வெளுத்துவிடும். சின்னதாக இருந்தாலும் சொந்தமாகச் செய்ததைப் போடுங்கள்.

விடுகதைக் கேள்விகளுக்குப் பயப்பட வேண்டாம். விமானத்தில் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற கேள்விகள் வெறும் நேர விரயம் என்று கூகுளில் மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இலேயே சொல்லிவிட்டார்.

எச்.ஆர். சுற்றில் சம்பளம், வெளியூர் போகச் சம்மதமா, ஒப்பந்தக் காலம் ஆகியவை வரும். பாண்டில் கையெழுத்திடும் முன் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துப் பாருங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் நம்மிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். நேர்காணல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் விழுந்தால், அழைப்பு வந்த அன்றே வேறு நேரம் கேட்டு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். நம் பிள்ளைகள் கேட்கவே தயங்குகிறார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறோம்" என்று பணம் கேட்கும் ஏஜென்டுகளிடம் நம் பிள்ளை ஒருவர் சிக்கினார். அவருடைய உம்மாவின் வளையல் அதில் போனது. வேலை கிடைத்தது, எட்டு மாதம் கழித்துச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கைப் பார்த்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த ஏஜென்டின் போன் இன்றுவரை அணைந்தே கிடக்கிறது.

அந்தத் தம்பி இப்போது வாரம் தவறாமல் வருகிறார், வாய்விட்டு யோசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். நான்காவது நேர்காணல் முடிந்து பதிலுக்குக் காத்திருக்கிறார். ஞாயிறு அஸருக்குப் பிறகு நம் கட்டடத்தின் மாடியில் இந்தப் பயிற்சி நடக்கிறது. ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனி நேரம் உண்டு. ரெஸ்யூம், பேனா, வெள்ளைத்தாள் கொண்டுவரவும். லேப்டாப் வேண்டாம்.