புதிதாய்ப் பாய் விரிப்பவர்களுக்கு

செங்கல்பட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் காலை உடற்பயிற்சி வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, வெகுகாலமாய் வந்துகொண்டிருக்கும் பெரியம்மா சொல்வது இது. செல்போனைப் பார்த்து வீட்டிலேயே செய்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். பத்து நாள் செய்வீர்கள். அதற்கு மேல் நடத்த ஆள் துணை வேண்டும்.

1. முதல் மாதம் எடை பார்க்காதீர்கள். வந்தோமா என்று மட்டும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. தினம் அரை மணி வீதம் ஐந்து நாள் செய்தாலே குறைந்தபட்சக் கணக்கு நிறைந்துவிடும். கணக்கு சின்னதுதான், விடாமல் செய்வதுதான் பெரிது. "நேத்து ஏன் வரலை?" என்று பக்கத்துப் பாய்க்காரர் கேட்பாரே என்ற நினைப்புதான் மழைக்காலத்து விடியலில் உங்களை எழுப்பிவிடும்.

2. நாம் செய்யும் பயிற்சி நம் மண்ணில் பிறந்தவர் தந்தது. வேதாத்திரி மகரிஷி 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த எளிய முறை உடற்பயிற்சியைத்தான் இன்று ஊர் ஊராக மனவளக்கலை மன்றங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கை, கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்துதல். இதில் குதிப்பதும் இல்லை, எடை தூக்குவதும் இல்லை. அதனால்தான் கல்லூரிப் பிள்ளையும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்துப் பாய் விரிக்க முடிகிறது. வரிசையை மாற்றாதீர்கள், பாதியில் எழுந்து போகாதீர்கள்.

3. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் நாள் கூச்சமாக இருக்கும். கூடம் முழுக்க ஒரே குரலில் "ஒன்று, இரண்டு" என்று எழும்போது கை தானாக மேலே போகும், மூச்சும் சீராகும். இப்படிச் சேர்ந்து செய்வதைப் பற்றி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. தனியாகத் துடுப்பு போட்டபோதும் அணியாகப் போட்டபோதும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சேர்ந்து போட்ட பிறகு அவர்கள் வலி தாங்கும் அளவு கூடுதலாக உயர்ந்திருந்தது. நம் கூடத்தில் நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாகத் தரையில் உட்கார்ந்து கால் நீட்டுகிறவர்கள், முகம் சுளித்தாலும் எழுந்து போகாமல் இருப்பதைப் பார்க்கும்போது அந்த ஆய்வு சொன்னது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

4. பக்கத்தில் இருப்பவரோடு போட்டி வேண்டாம். சேர்ந்து செய்வதில் உள்ள ஒரே ஆபத்து இது. அவர் நெற்றி முழங்காலைத் தொட்டால் தொடட்டும். உங்கள் முதுகு எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நில்லுங்கள். ஆசிரியர் நன்றாகத் தெரியும்படி முன் வரிசையிலோ நடுவிலோ உட்காருங்கள். பின்வரிசை பழையவர்களுக்கு.

5. உடம்பில் உள்ளதை மறைக்காதீர்கள். ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு, குடலிறக்கம் இருந்தாலோ, வயிற்றில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ கபாலபதிக்கு முன்பே ஆசிரியரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடமும் கேளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வந்து மயங்கக்கூடாது. பையில் நாலு பிஸ்கட் இருக்கட்டும்.

6. இது என் தங்கைகளுக்கு. வீட்டில் பாய் விரித்தால் குக்கர் கூப்பிடும், பிள்ளை கூப்பிடும், மாமியார் கூப்பிடுவார். "வகுப்புக்குப் போறேன்" என்று செருப்பை மாட்டினால் அதே வீடு ஒரு மணி நேரம் தானாகப் பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரத்தை யாரிடமும் கெஞ்சிப் பெறாதீர்கள், அது உங்களுடையது. கடைசியில் உடல் தளர்த்தும்போது சிலருக்குக் கண்ணீர் வரும், சிலர் குறட்டையே விடுவார்கள். இரண்டுக்கும் வெட்கப்பட வேண்டாம். பல நாள் அசதி இறங்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

7. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டமாகப் போனால் ஈரமணலில் நடங்கள். உலர்மணலில் கால் புதையும், கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அலையோரம் மணல் சரிவாக இருப்பதால் ஒரே பக்கமாக வெகுதூரம் போகாமல் திரும்பி வாருங்கள், இல்லாவிட்டால் ஒரு முழங்கால் மட்டும் வலிக்கும். இளைஞர்களுக்கு அலைச்சறுக்கு ஆசை இருந்தால் கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று வளர்த்த பள்ளி இருக்கிறது. அலைச்சறுக்கு வகுப்பிலும் முதல் பாடம் மணலில்தான், பலகையில் படுத்து எழுந்து நிற்கப் பழகுவது. தனியாக மட்டும் கடலில் இறங்காதீர்கள். இந்தக் கரையில் இழுப்பு அதிகம்.

8. கத்திரி வெயில் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். முடிந்ததும் மோர் குடியுங்கள்.

9. யாராவது மூன்று நாள் வரவில்லை என்றால் போன் போடுங்கள். "ஏன் வரலை" என்று அதட்டாமல் "உடம்பு எப்படி இருக்கு" என்று கேளுங்கள். காய்ச்சலாக இருக்கலாம், வீட்டில் துக்கமாக இருக்கலாம். திரும்பி வரும் நாளில் அவர் வழக்கமாகப் பாய் விரிக்கும் இடத்தில் வேறு யாரும் விரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.