சாயக் கழிவுநீரும் பிளாஸ்மா நுட்பமும்

மான்குர்த்திலிருந்து வாஷிக்கு ரயிலில் செல்வோர் தானே கடற்கழியைக் கடக்கின்றனர். வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து அதன் நீர் கெட்டிருப்பது கண்கூடு. ஆலைக் கழிவுகளுள் சாயநீரைத் தூய்மையாக்குவது கடினம். சாயங்கள் பலவற்றை நுண்ணுயிரிகளால் எளிதில் சிதைக்க இயலாது.

இதற்கு உதவக்கூடியது பிளாஸ்மா. திண்மம், நீர்மம், வளிமம் ஆகியவற்றுக்கு அடுத்த நான்காம் நிலை இது. மின்னலும், எரியும் குழல்விளக்கின் உட்புறமும் பிளாஸ்மாவே. உயர் மின்னழுத்தத்தால் நீர்ப்பரப்பின்மேல் மின்னிறக்கம் நிகழ்த்தும்போது ஓசோனும் ஹைட்ராக்சிலும் தோன்றிச் சாய மூலக்கூறுகளை உடைக்கின்றன, கிருமிகளும் அழிகின்றன. இதன் வேர் பழையது. மின்னிறக்கத்தால் ஓசோன் உண்டாக்கும் கருவியை ஜெர்மனியின் சீமென்ஸ் 1857-இல் அமைத்தார். பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதல் குடிநீரை ஓசோனால் தூய்மையாக்கியது.

எனினும் ஓர் எச்சரிக்கை: பிளாஸ்மா நிறத்தை நீக்கும்; கரைந்த உப்பை நீக்காது. நாம் உடுத்தும் பின்னலாடைகளின் ஊரான திருப்பூரில் நொய்யலைக் கெடுத்தவற்றுள் உப்பும் ஒன்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. ஆலை நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை.

ஆகவே இக்கருவிக்குக் கடன் நாடும் தொழில்முனைவோர் மூன்றைக் கேட்டறிதல் வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு மின்செலவு எவ்வளவு? உப்பை நீக்கச் சவ்வூடு வடிப்பும் ஆவியாக்கலும் திட்டத்தில் உள்ளனவா? தம் ஆலைக் கழிவுநீரிலேயே சோதனை நடந்ததா? விடைகளை எழுத்தில் பெற்ற பின்னரே கருவிக்கு முன்பணம் செலுத்துக.