பூட்டியின் பெயர் என்ன?

உங்கள் அப்பாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அப்பப்பாவின் பெயரும் தெரியும். அவருடைய அப்பாவின் பெயரைக்கூட வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். சரி, இப்போது மற்றப் பக்கம் வாருங்கோ. அம்மம்மாவின் பெயர்? தெரியும். அம்மம்மாவின் அம்மாவின் பெயர்?

இந்த இடத்தில் பல வீடுகளில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு, "ஆச்சி எண்டுதான் கூப்பிடுவம்" என்று ஒரு பதில் வரும்.

அம்மம்மாவின் அம்மாவை யாழ்ப்பாணத்தில் பூட்டி என்போம். தமிழ்நாட்டில் கொள்ளுப்பாட்டி என்பார்கள். உங்களில் பலருடைய பூட்டி பிறந்தபோது இலங்கையும் இந்தியாவும் பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தன. யாழ்ப்பாணம் 1795-இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்குப் போனது. இலங்கை 1948 பெப்ரவரி 4-இல் சுதந்திரம் அடைந்தது. இந்த 150 ஆண்டுகளில் அரசாங்க அலுவலகங்கள் மலைபோலத் தாள்களை எழுதி வைத்தன. அந்தத் தாள்களில் எங்கோ ஓரிடத்தில் உங்கள் பூட்டியும் இருக்கலாம்.

ஆனால் பெண்களைத் தேடுவது கடினம். தமிழ்ப் பெயரின் முதலெழுத்து அப்பாவின் பெயரிலிருந்து வருகிறது. கலியாணம் முடிந்ததும் பல பெண்களுக்கு அது கணவரின் பெயராக மாறிவிடுகிறது. அம்மாவின் பெயருக்கு அங்கே இடமே இல்லை. அதனால் ஆண்களின் பெயர்கள் சங்கிலிபோல நீண்டு போகும். பெண்களின் பெயர்கள் இரண்டு தலைமுறையில் அறுந்துவிடும்.

ஒருவர் தன் பூட்டியைத் தேடிய உண்மைக் கதை ஒன்றை முதலில் பார்ப்போம்.

கையூத்ரா பகதூர் ஒரு பத்திரிகையாளர். தென் அமெரிக்காவில் உள்ள கயானா நாட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபோனவர். அவருடைய பூட்டியின் பெயர் சுஜாரியா. ஊர் இந்தியாவில் பீகார். சுஜாரியா 1903-இல் கல்கத்தாவில் 'கிளைட்' என்ற கப்பலில் ஏறினார். கயானா அப்போது பிரித்தானியரின் குடியேற்ற நாடு. அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆட்கள் தேவைப்பட்டார்கள். "இத்தனை வருடம் வேலை செய்வேன்" என்று ஒப்பந்தம் செய்துகொண்டு போகிறவர்களுக்கு ஒரு குடியகல்வுச் சீட்டு கொடுத்தார்கள். சுஜாரியாவின் சீட்டும் பகதூருக்குக் கிடைத்தது.

அந்தச் சீட்டில் என்ன இருந்தது? ஓர் எண். பெயர். வயது 27. காலில் ஓர் எரிகாயத் தழும்பு. நான்கு மாதக் கர்ப்பம் என்ற குறிப்பு. கணவரின் பெயர் இல்லை. அவர் தனியாகத்தான் கப்பல் ஏறினார். வழியில், கடலில், அவருக்கு மகன் பிறந்தான்.

இதை எழுதியது சுஜாரியா இல்லை. ஓர் எழுத்தர் கேள்வி கேட்டு, கேட்டதை எழுதினார். ஆளை அடையாளம் காணத் தழும்பு தேவை, அதனால் தழும்பை எழுதினார். "ஏன் அம்மா தனியாகப் போகிறாய்?" என்ற கேள்விக்கு அந்தச் சீட்டில் கட்டம் இல்லை. பகதூருக்கு வேண்டியதோ அந்த ஒரு கேள்வியின் பதில்தான்!

அதைத் தேடி அவர் பீகாருக்குப் போனார். கப்பல் வைத்தியர்களும் அதிகாரிகளும் எழுதிய பழைய கடிதங்களைப் படித்தார். ஒவ்வொரு கப்பலிலும் 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது இருக்க வேண்டும் என்று அரசாங்கம் விதி வைத்திருந்தது. ஆகவே பெண்களை எப்படியாவது சேர்க்க முகவர்கள் அலைந்தார்கள். சில பெண்கள் ஏமாற்றப்பட்டார்கள். சிலர் வீட்டுக் கொடுமையிலிருந்து தப்பி, தாங்களே விரும்பிப் போனார்கள். சுஜாரியா இதில் யார்? பகதூர் 2013-இல் வெளியிட்ட 'கூலி வுமன்' என்ற புத்தகத்தில் இந்தக் கேள்விகளைக் கேள்விகளாகவே விட்டிருக்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது. தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்புவது சுலபம். அப்படிச் செய்தால் அது பூட்டியின் கதையாக இராது, எங்கள் கதையாகிவிடும்.

தமிழ்ப் பெண்களும் இப்படிக் கப்பல் ஏறினார்கள். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16-ஆம் திகதி தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். எண், பெயர், தந்தையின் பெயர், வயது, ஊர் என்று எல்லாம் பட்டியலில் இருக்கிறது. தாயின் பெயருக்கு மட்டும் இடம் இல்லை, கவனித்தீர்களா?

நாம் லண்டனில் இருக்கிறோம். பிரித்தானியர் எழுதிய தாள் எல்லாம் இங்கேதானே இருக்கும் என்று நினைப்பீர்கள். பாதி சரி. இந்தியாவை ஆண்ட அலுவலகத்தின் ஆவணங்கள் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இலங்கை 1802-இலிருந்து தனியாக ஆளப்பட்டது. அதனால் இலங்கையிலிருந்து வந்த கடிதங்கள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் அதிகாரிகள் அதிகாரிகளுக்கு எழுதியவை. கரவெட்டியில் ஒரு பெண் பிள்ளை பிறந்ததை லண்டனுக்கு யார் கடிதம் எழுதப் போகிறார்கள்? டர்பனுக்குப் போனவர்களின் பட்டியல் தென்னாபிரிக்காவில் இருக்கிறது. மொரீசியஸ் போனவர்களின் பதிவுகள், சிலருடைய புகைப்படங்களோடு, மொரீசியஸில் இருக்கின்றன.

உங்கள் பூட்டி கப்பலே ஏறாதவராக இருந்தால்? அப்போது முதலில் போக வேண்டிய இடம் கியூ இல்லை. அம்மம்மா இருக்கும் அறைதான்.

கீழே உள்ளது பாடத்துக்காக எழுதிய உரையாடல். ஒருவர் பேத்தி, மற்றவர் அம்மம்மா. இருவர் வாசியுங்கோ.

பேத்தி: அம்மம்மா, உங்கட அம்மான்ட பேர் என்ன?

அம்மம்மா: ஆச்சி எண்டுதான் எல்லாரும் கூப்பிடுவினம்.

பேத்தி: அது பேர் இல்லையே! பள்ளிக்கூடத்தில என்ன பேர்?

அம்மம்மா: அவ பள்ளிக்கூடம் போகேல்லைப் பிள்ளை. கலியாண எழுத்தில சின்னத்தங்கம். அவவின்ட தாய் குஞ்சு எண்டு கூப்பிடுறவ.

பேத்தி: எந்த வருசம் பிறந்தவ?

அம்மம்மா: வருசம் ஆருக்குத் தெரியும்? திருகோணமலையில ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம் நான் பிறந்தனான். அப்ப அவவுக்கு இருபது, இருபத்தொண்டு இருக்கும்.

பேத்தி: கலியாணம் கட்டி எந்த ஊருக்குப் போனவ?

அம்மம்மா: அவ ஏன் போறா? அப்புதான் எங்கட ஊருக்கு வந்தவர். வீடும் காணியும் அவவின்ட சீதனம்.

எவ்வளவு கிடைத்துவிட்டது, பாருங்கோ! ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. அதிலிருந்து 21 வருடம் பின்னால் போனால் 1921. பூட்டி ஏறக்குறைய அந்தக் காலத்தில் பிறந்திருக்கிறார். பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள், நடந்த விஷயத்தைக் கேளுங்கள். ரயில், யுத்தம், புயல், யாருடைய கலியாணம் என்று கேட்டால் பதில் தானாக வரும். ஆண்டை நீங்கள் கண்டுபிடிக்கலாம்.

உரையாடலில் இன்னொரு சொல் வந்தது: சீதனம். அதை விடாதீர்கள்.

யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை என்று ஒரு சட்டம் உண்டு. முதலில் அது மக்களின் வழக்கமாக மட்டும் இருந்தது. 1707-இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி அதைத் தொகுத்து முடித்தார். பிரித்தானியர் 1806-இல் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வழக்கப்படி சீதனமாக வந்த காணி பெண்ணுடையது. அவர் அதைத் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பார். காணி கைமாறும்போது நொத்தாரிசு ஓர் உறுதி எழுதுவார். யார் கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்கிறார், கொடுப்பவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். முந்திய உறுதியின் இலக்கமும் ஆண்டும் இருக்கும்.

என் வேலை கணினி நிரல் எழுதுவது. முதன்முதலில் ஓர் உறுதியை வாசித்தபோது, "அட, இது எங்கட வேலை மாதிரியே இருக்கே!" என்று நினைத்தேன். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவைச் சுட்டிக் காட்டுகிறது. பிடித்துக்கொண்டே பின்னால் போகலாம். மகள், தாய், தாயின் தாய். முதலெழுத்தில் இடம் கிடைக்காத பெண்கள் காணி உறுதியில் வரிசையாக நிற்கிறார்கள். எல்லைகளையும் வாசியுங்கோ. கிழக்கே இன்னாருடைய காணி, தெற்கே இன்னாருடைய காணி என்று பெயர்கள் வரும். ஒரு தாயின் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால், பக்கத்துக் காணிக்காரி பூட்டியின் தங்கையாக இருக்கலாம்.

சீதனம் நல்ல வழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அதைக் கொடுக்க முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் கஷ்டப்பட்டன. இப்பவும் படுகின்றன. ஆனால் அது விட்டுச் சென்ற தாள் எங்களுக்கு உதவுகிறது.

மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் காணி உறுதி இராது. அங்கே பூட்டி தேயிலை பறித்துச் சம்பளம் வாங்கியவர். ஆகவே தோட்டத்துச் செக்ரோலில் அவருடைய பெயரைத் தேடலாம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வீட்டில் பழைய பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பெயர் கிடைத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே ஆள் வேறொரு தாளில் வேறு பெயரில் இருப்பார். தங்கம், தங்கம்மா, சின்னத்தங்கம் மூன்றும் ஒருவராக இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் குழப்பம். 'ழ'வுக்கு அங்கே எழுத்து இல்லை. ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் இஸட் எச் போடுவார். கணினியில் ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடினால் "இல்லை" என்றுதான் வரும். நாலைந்து விதமாக எழுதித் தேட வேண்டும்.

இதைவிடப் பெரிய மாற்றமும் நடந்திருக்கிறது. உடுவிலில் 1824-இல் அமெரிக்க மிஷனரிகள் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஹரியட் வின்ஸ்லோ என்ற பெண்மணி அதை நடத்தினார். அந்த மிஷன் பள்ளிகளில் பிள்ளைகளின் படிப்புக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயரையே பல பிள்ளைகளுக்கு வைத்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற தமிழறிஞருக்கு 'ஆர்னல்ட்' அப்படி வந்ததுதான். அவருக்குச் 'சதாசிவம்பிள்ளை'யும் கூடவே நின்றது. ஒரு பெண் பிள்ளைக்கு வீட்டுப் பெயர் எங்கும் எழுதப்படாமல் போயிருந்தால், பள்ளிப் பதிவில் அமெரிக்கப் பெயர் ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே குடும்பத்தில் யாராவது உடுவிலில் படித்தார்களா என்றும் கேட்டு வையுங்கள்.

1995-இல் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். பலர் கையில் எடுத்தது ஒரே ஒரு பை. அதற்குள் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் வைத்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களும் உண்டு. அதனால் "தாள் எங்கே?" என்று அம்மம்மாவிடம் கேட்கும்போது கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கோ. அவர் பேச்சை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கோ. தேத்தண்ணி குடித்துவிட்டு இன்னொரு நாள் தொடரலாம்.

அருஞ்சொற்கள்

பூட்டி – பாட்டியின் அல்லது பாட்டனின் அம்மா
குடியகல்வு – சொந்த நாட்டை விட்டு வேறு நாட்டுக்கு வாழப் போவது
எழுத்தர் – அலுவலகத்தில் பதிவு எழுதுபவர்
நொத்தாரிசு – காணி உறுதி எழுதச் சட்டப்படி அனுமதி பெற்றவர்
உறுதி – காணி யாருடையது என்று காட்டும் பத்திரம்
கலியாண எழுத்து – திருமணப் பதிவு
செக்ரோல் – தோட்டத் தொழிலாளர் வேலைக்கு வந்ததைக் குறிக்கும் பதிவேடு

பயிற்சிகள்

1. சுஜாரியாவின் சீட்டில் இருந்த விஷயங்களில் மூன்றை எழுதுக. அதில் இல்லாத ஒன்றையும் எழுதுக.

2. உரையாடலில் வரும் பேச்சு வழக்குச் சொற்களை எழுத்து வழக்கில் மாற்றுக: எண்டு, உங்கட, போகேல்லை, கூப்பிடுவினம், இருபத்தொண்டு.

3. தாயின் பெயர் கப்பல் பட்டியலில் ஏன் இல்லை? உங்கள் கருத்தை நான்கு வரிகளில் எழுதுக.

4. அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ பேசுங்கள். தொலைபேசியிலும் பேசலாம். அவருடைய அம்மாவின் வீட்டுப் பெயர், எழுத்தில் உள்ள பெயர், பிறந்த ஊர் மூன்றையும் கேட்டு எழுதுக. அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். தெரியாததற்கு ஒரு கோடு போட்டு இடம் விடுங்கள்.