இரண்டு கல்லூரிகளும் இஸ்திகாராவும்

மகளுக்கு மருத்துவப் படிப்பில் இரண்டு இடங்கள் வந்திருக்கின்றன. மூன்றிரவு இஸ்திகாரா தொழுதும் கனவொன்றும் வரவில்லையே என்று ஒரு தகப்பனார் எம்மிடம் வருந்தினார். ஒன்று தொலைவிலுள்ள அரசுக் கல்லூரி. மற்றது ஊருக்கருகே தனியார் கல்லூரி. கட்டணத்திற்கு வட்டிக்கடன் வாங்கியாக வேண்டும்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் பதிவாகியுள்ள ஹதீஸில் கனவைப் பற்றிய பேச்சே இல்லை. பர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழுது, தேவையைப் பெயர் குறிப்பிட்டுத் துஆச் செய்ய வேண்டும். தீங்கானதை என்னை விட்டும் திருப்பு, என்னையும் அதைவிட்டுத் திருப்பு, நன்மை எங்கிருந்தாலும் அதில் மனநிறைவைத் தா என்றே அதில் கேட்கிறோம்.

ஆகுமான காரியங்களுக்கே இஸ்திகாரா. வட்டியை அல்லாஹ் ஹராமாக்கிவிட்டான் (2:275). வட்டியில்லாக் கடன் உறவினரிடம் கிடைக்குமா, நகையை விற்கலாமா என்று முதலில் பார்க்கட்டும். வழியில்லையெனில் அங்கே தேர்வுக்கே இடமில்லை. வழியிருந்தால் மஷ்வரா (3:159). எந்த மருத்துவமனைக்கு நோயாளிகள் மிகுதியாக வருகிறார்கள், நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் எங்கே செம்மையாக நடக்கும் என்பதை டாக்டர்களிடம்தான் கேட்க வேண்டும். மத்ரஸாவில் ஓதிய எமக்கு அது தெரியாது.

"மகள் என்ன சொல்கிறாள்?" என்றோம். அவளிடம் இன்னும் கேட்கவில்லையாம்! இன்றிரவு அவளே தொழட்டும் என்று சொல்லி அனுப்பினோம்.