ஹோலை அளந்த பின் கடைக்குப் போங்கள்

அரிசி வாங்கப் போகும் வியாபாரி மூடையிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. புடவைக் கடைக்காரர் துணியை விரல்களால் நெருடிப் பார்த்த பின்புதான் வாய் திறப்பார். கொள்வனவில் இத்தனை கவனமுள்ள நம்மவர்கள், வீட்டு ஹோலுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் போகும்போது மட்டும் கடைச் சுவரில் எது பளிச்சென்று தெரிகிறதோ அதைக் காட்டி, "இதைக் கட்டுங்க தம்பி" என்று சொல்லிவிடுகிறார்கள்.

முன்னர் இதில் பெரிய நட்டம் இருக்கவில்லை. ஆனால் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், சில மாதங்களிலேயே 350 ரூபாவைத் தாண்டியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாகியது. டீவி இறக்குமதிப் பொருள். பிடிக்காவிட்டால் நாலு வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்ற பழைய நினைப்பு இனிச் சரிவராது.

கல்முனையில் புடவைக் கடை வைத்திருக்கும் என் மச்சான், 65 அங்குலம் என்று முடிவெடுத்த பிறகுதான் என்னிடம் யோசனை கேட்டார். (யோசனை கேட்பவர்களில் பாதிப் பேர் இப்படித்தான்.) முதலில் டீவி வைக்கும் சுவரிலிருந்து சோபா வரை அளக்கச் சொன்னேன். ஒன்பது அடி. அங்குலக் கணக்கு என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. 65 அங்குலப் பெட்டியின் திரை ஏறத்தாழ 144 சென்ரிமீற்றர் அகலமும் 81 சென்ரிமீற்றர் உயரமும் இருக்கும். அந்த அளவுக்குப் பழைய பத்திரிகைத் தாள்களைச் சுவரில் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒட்டியதும் என் தங்கச்சி வந்து பார்த்து, "இது டீவியா, கடைப் பலகையா?" என்று கேட்டாளாம். அறைக் கதவைத் திறந்தால் தாளின் ஓரத்தில் முட்டியது.

கதவு ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான கேள்வி, அந்தத் திரையில் எதைப் பார்க்கப் போகிறோம் என்பது. 4கே எனப்படும் பெட்டியின் திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. எச்.டி. அல்லாத சாதாரண அலைவரிசையின் படத்திலோ, எண்ணிமக் கணக்கில் 720க்கு 576, அதாவது சுமார் 4 இலட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள் மட்டுமே. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு இருபது புள்ளிகளை நிரப்ப வேண்டிய வேலை டீவியின் தலையில் விழுகிறது. திரை பெரிதாகப் பெரிதாக, அருகில் இருந்து பார்ப்பவருக்குச் செய்தி வாசிப்பவரின் முகம் சேறு பூசியது போலத் தெரிவது இதனால்தான். கடையில் அப்படித் தெரியாது. அங்கே ஓடுவது, கம்பனிக்காரர்கள் அதற்கென்றே எடுத்துக் கொடுத்த 4கே படம்.

ஆகவே நான் கையாளும் கணக்கு இது. சுவருக்கும் இருக்கைக்கும் உள்ள தூரத்தை அங்குலத்தில் எடுங்கள். இணையத்தில் 4கே படம் பார்க்கும் வீடானால் அதை 1.6 ஆல் வகுங்கள்; சாதாரண அலைவரிசைகளையே பார்க்கும் வீடானால் 2.5 ஆல் வகுங்கள். மச்சானின் ஒன்பது அடி 108 அங்குலம். முதல் கணக்கில் 65 பொருந்துகிறது. இரண்டாவதில் 43 தான் வருகிறது. அவர் வீட்டில் இரவுச் செய்தியும் கிரிக்கெட்டும்தான் அதிகம், பிள்ளைகள் இடைக்கிடை யூடியூப் பார்ப்பார்கள். 50 அங்குலம் எடுத்தார். மிச்சமான காசு கடைச் சரக்குக்குப் போயிற்று.

அடுத்தது, யார் எங்கே இருந்து பார்க்கிறார்கள் என்பது. பெருநாள் தினத்தில் நம் வீட்டு ஹோல்களில் பாதிப் பேர் பக்கவாட்டில், பாயில்தான் இருப்பார்கள். வீ.ஏ. வகைத் திரை கறுப்பை நன்றாகக் காட்டும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐ.பி.எஸ். வகை பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும், இருட்டறையில் கறுப்பு சற்றுச் சாம்பலாகும். எந்த வகை என்று விற்பனையாளரிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கேட்க வேண்டாம், பெட்டியின் ஓரமாகப் போய் நின்று பாருங்கள்.

பெயர்களில் மயங்காதீர்கள். எல்.ஈ.டி. டீவி என்பது பின்னால் எல்.ஈ.டி. விளக்கு வைத்த எல்.சி.டி. திரைதான். கியூ.எல்.ஈ.டி. என விற்பதும் நிறத்தைச் செம்மைப்படுத்தும் ஒரு படலம் சேர்த்த அதே வகை. ஓ.எல்.ஈ.டி. மட்டுமே வேறு சாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். படம் அழகுதான், ஆனால் நாள் முழுக்க ஒரே செய்தி அலைவரிசை ஓடும் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். மூலையில் அசையாமல் நிற்கும் இலச்சினை காலப்போக்கில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடக்கூடும்.

கடையில் டீவிகள் உச்ச வெளிச்சத்தில் ஓடும். வீட்டு முறைக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பின்பும் வெளிச்சத்தைக் குறைத்தே வையுங்கள். பின்விளக்குகள் எரிந்து போவதற்கு உச்ச வெளிச்சமும் ஒரு காரணம். விளக்கு போனால் திருத்தலாம். திரையே போனால் அதை மாற்றும் செலவு பல வேளைகளில் புதுப் பெட்டியின் விலையை நெருங்கிவிடும்.

உத்தரவாத அட்டையை வியாபாரக் கண்ணோடு வாசியுங்கள். கொடுப்பது உத்தியோகபூர்வ முகவரா, கடைக்காரர் மட்டுமா? மூன்று வருடம் என்றால் திரைக்குமா, உதிரிப்பாகங்களுக்கு மட்டுமா? டுபாயிலிருந்து தம்பி கொண்டுவரும் பெட்டி மலிவாக இருக்கலாம். அங்குள்ள உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று உள்ளூர் முகவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அவர் வாங்கட்டும். மின்னலால் வரும் சேதத்தைப் பொதுவாக எந்த உத்தரவாதமும் ஏற்பதில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கை மட்டுமல்ல, அன்டெனா வயரையும் கழற்றி வையுங்கள்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். 100 வோட்ஸ் பெட்டி தினமும் ஐந்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 15 அலகு. பட்டியல் ஏற்கெனவே ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீடானால் இந்தப் பதினைந்து அடுத்த படிக்குத் தள்ளிவிடும்.

தவணைக்கு எடுப்பவர்கள், மாதத் தொகையை மாதங்களால் பெருக்கி, முற்பணத்தைக் கூட்டி, கைக்காசு விலையைக் கழித்துப் பாருங்கள். "வட்டியில்லை" என்று பலகை தொங்கினாலும், முழுக் காசும் இப்போதே தந்தால் என்ன விலை என்று தனியாகக் கேளுங்கள். விலை இறங்கினால், இறங்கிய தொகைக்கு என்ன பெயர் என்று வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்ததும், கொண்டுவந்த பையன்கள் போகுமுன் பற்றுச்சீட்டில் உள்ள தொடரிலக்கம் பெட்டியின் பின்னால் உள்ளதுடன் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். திரையை முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் ஓடவிட்டு, செத்த புள்ளியோ கீறலோ இருக்கிறதா என்று தேடுங்கள். பத்து நிமிட வேலைதான். பையன்கள் அவசரப்படுவார்கள், ஆளுக்கொரு பிளேன்டீ கொடுத்து உட்கார வையுங்கள்.